சர்க்கரையை இன்னும் குறைத்தால் மறதி நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 66. 14 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில் ஒன்று. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 6.1. ஆறு மாதமாக மறதி அதிகம். மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே சில நாள் நினைவில்லை. அல்சைமர் என்பது 'மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்' என்கிறார்களே, உண்மையா? சர்க்கரையை இன்னும் குறைத்தால் தப்பிக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை அளவுக்கு மீறியும் இறக்கக்கூடிய மாத்திரை. அதை எடுக்கும் 66 வயதுக்காரருக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1 என்பது பாராட்ட வேண்டிய எண் அல்ல. தாழ்சர்க்கரை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டிய எண்.

முதலில் அந்தப் பெயர். 2005-ல் சில ஆய்வாளர்கள் சூட்டியது. சர்க்கரை நோயின் அதிகாரபூர்வ வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோயில் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படியும். டௌ என்ற புரதம் செல்லுக்குள் முறுக்கிக்கொள்ளும். இன்சுலினைச் சிதைக்கும் நொதிதான் அமிலாய்டையும் சிதைக்கிறது. இன்சுலின் எந்நேரமும் மிகுந்திருந்தால் நொதிக்கு அதைக் கவனிக்கவே நேரம் சரியாகி, அமிலாய்டு தேங்கும் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, நரம்பு செல்லில் இன்சுலினின் சமிக்ஞை மழுங்கும்போது ஜிஎஸ்கே-3 என்ற நொதி கட்டுப்பாடின்றி டௌ மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. டௌ இருந்த இடத்திலிருந்து கழன்று சிக்கலாகிறது. (இன்சுலின் குறைந்தால் மூளைக்குச் சர்க்கரையே போகாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தசைக்குத்தான் பொருந்தும். நரம்பு செல்கள் பெரும்பாலும் இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.)

ஆனால் சர்க்கரை நோயாளிகளின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தவர்கள் அதிகம் கண்டது, சிறு ரத்தநாளங்கள் அடைபட்டதால் வந்த தழும்புகளை. அமிலாய்டு கூடுதலாக இருந்ததாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. ஆகவே நான் இப்படித்தான் பார்க்கிறேன்: சர்க்கரை நோய் மூளையின் கையிருப்பைக் கரைக்கிறது, மற்றவர் தாங்கும் அளவு அமிலாய்டையே இவரால் தாங்க முடிவதில்லை. அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வந்தே தீரும் என்பதல்ல.

சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடித்தால் மூளை பிழைக்குமா என்று, சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய அக்கார்டு என்ற பெரிய ஆய்வில் பார்த்துவிட்டார்கள். ஒரு குழுவுக்கு எச்பிஏ1சி இலக்கு 6-க்குக் கீழே, மற்றதற்கு 7 முதல் 7.9. 40 மாதத்தில் நினைவாற்றல் சோதனைகளில் வித்தியாசம் இல்லை. மூளைச் சுருக்கம் மட்டும் முதல் குழுவில் சற்றுக் குறைவு. ஆனால் அந்தக் குழுவில் இறப்புகள் அதிகமானதால் 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையையே நிறுத்தினார்கள்.

இப்போது உங்கள் மறதிக்கு வருவோம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் படபடப்பு, வியர்வை, நடுக்கம். 54-க்குக் கீழே மூளையே தடுமாறும். பல வருட நோயாளிக்கு, அடிக்கடி தாழ்ந்து பழகிவிட்டால், முதல் கட்ட எச்சரிக்கை வராமல் போகும். தடுமாற்றம் மட்டுமே மிஞ்சும். வீட்டில் அதை 'மறதி' என்பார்கள். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒரு வகை மாத்திரை) எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாது, வியர்வை மட்டும் தெரியும். காலையில் தலைவலி, நனைந்த தலையணை, கெட்ட கனவு இருந்தால் இரவில் தாழ்ந்திருக்கலாம். மயங்கும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் என்பதும் தெரிந்ததே.

பத்து நாள் குளுக்கோமீட்டரில் பாருங்கள்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்முன், இரண்டு இரவுகள் 3 மணிக்கு. முக்கியமானது, ஒரு பெயர் வாயில் வராமல் நின்ற அந்த நிமிடமே விரலைக் குத்திப் பார்த்து எண்ணை எழுதி வைப்பது. 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3-4 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கிளிமிபிரைடின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், அதனால் சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். சிறுநீரகம் மந்தமானால் இந்த மருந்தின் வினை இன்னும் நீளும், கிரியாட்டினின் பாருங்கள். மாத்திரை போட்டோமா என்ற சந்தேகம் வந்தால் அன்று மறுபடி போடாதீர்கள். கிழமைவாரி மாத்திரைப் பெட்டி வாங்கி, ஞாயிறன்று வேறொருவர் நிரப்பட்டும்.

மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தால் பி12 குறையும். அதுவும் மறதியாகத் தெரியும், ஊசியோ மாத்திரையோ போட்டால் தேறும். பி12 200-க்குக் கீழே என்றால் குறைபாடுதான். கூடவே டிஎஸ்எச் (தைராய்டுக்கான சோதனை), சோடியம், ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தம் இழந்துகொண்டிருந்தால் எச்பிஏ1சி பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இந்தக் குறிப்பேட்டோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கவோ, தாழ்சர்க்கரை தராத வேறு மருந்துக்கு மாற்றவோ கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் இலக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் போதும், மறதி நோய் உறுதியானால் 8 வரை விடலாம். ரத்த அழுத்தம் 130/80-க்குள். நினைவாற்றல் சோதனையைச் சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும் வேளையில் செய்யச் சொல்லுங்கள். தாழ்ந்திருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. பேச்சு திடீரெனக் குழறினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ பத்து நாள் காத்திருக்காமல், சர்க்கரையைப் பார்த்த கையோடு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.