விமானத்துக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக் கோடு ரசாயனமா? டெல்டாவில் மழை பொய்ப்பதற்கு அதுதான் காரணமா?

இரண்டுக்குமே என் பதில் இல்லை என்பதுதான். மன்னார்குடிப் பக்கம் நெல் சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.25 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நம் தலைக்கு மேல் 12 கி.மீ. உயரத்தில் குளிர் சுமார் மைனஸ் 50 டிகிரி. அந்தக் குளிரில் ஆவி, புகையில் இருக்கும் கரித்துகள்மேல் படிந்து அப்படியே பனித்துகளாக உறைந்துவிடுகிறது. அதுதான் கோடு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பின்னாலும் இதே கோடுகள் தெரிந்தன. விமானம் போகும் வழியை எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததால் அப்போதே இதை ஆராயத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, ஒரு கோடு உடனே மறைகிறது, இன்னொன்று ஒரு மணி நேரம் நின்று அகலமாகிறதே? சந்தேகம் பிறப்பதே இங்கேதான். மேல்காற்று வறண்டிருந்தால் பனித்துகள் திரும்ப ஆவியாகிவிடும். ஈரம் நிறைந்திருந்தால் அது கரையாது, சுற்றியுள்ள ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வளரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர்பஸ் 320 போன்ற விமானம் மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிபொருளில் 800 கி.மீ.க்கு மேல் போகிறது. அதாவது ஒரு கி.மீ. நீளத்துக்கு அது விடும் தண்ணீர் நாலு லிட்டர் அளவுதான். வானத்தில் பட்டையாக விரியும் அந்த வெண்மையில் பெரும்பகுதி விமானம் கொண்டுவந்ததே அல்ல, அங்கே ஏற்கெனவே இருந்த ஈரம்.

மழைக் குழப்பமும் இதிலிருந்துதான் வருகிறது. வங்கக்கடலில் தாழ்வு நிலை உருவாகும்போது மேலடுக்கில் ஈரம் பரவும், கோடுகளும் நிற்கும். தாழ்வு நிலை ஆந்திரா பக்கம் போய்விட்டால் நமக்கு மழை இல்லை. பார்ப்பவருக்குக் கோடுதான் மேகத்தைக் கலைத்த மாதிரி தோன்றும். 2016இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக செப்டம்பர் 20இல்தான் திறந்தது. அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. பயிர் கருகி நிற்கும்போது யார் மேலாவது கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆண்டு காய்ந்தது காவிரியின் கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதியும் சேர்த்துத்தான்.

செயற்கை மழை என்பது வேறு. அதற்கான விமானம் மழை மேகத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ பறந்து சில்வர் அயோடைடு என்ற உப்பு போன்றவற்றைத் தூவும். கர்நாடக அரசு 2017இல் 'வர்ஷதாரி' என்ற பெயரில் அறிவித்தே செய்தது. தமிழக அரசும் 1980களிலும் 1993-94இலும் செய்து பார்த்திருக்கிறது. மறைத்துச் செய்த வேலை அல்ல, நோக்கமும் மழையை வரவழைப்பதுதான்.

விமானம் ரசாயனம் தெளிப்பதற்குச் சான்றாக, மழைத்தண்ணீரில் அலுமினியம் இருந்ததாக ஒரு சோதனைத் தாளையும் சிலர் பரப்புகிறார்கள். பூமியின் மேலோட்டில் 8 சதவீதம் அலுமினியம்தான், நம் களிமண் வயலிலும் நிறைய உண்டு. திறந்த பாத்திரத்தில் தெருப்புழுதி விழுந்தாலே போதும். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரகசியத் தெளிப்புக்குச் சான்று பார்த்தீர்களா என்று காற்று மண்டலத்தையும் மண், நீர் படிவுகளையும் ஆராயும் 77 விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். 76 பேர் இல்லை என்றார்கள். மீதி ஒருவர் சொன்னதும் ஒரு தொலைதூர இடத்தில் காற்றில் பேரியம் என்ற உலோகம் வழக்கத்தைவிட அதிகம் என்பது மட்டும்தான்.

இப்படிச் சந்தேகப்படுபவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். நெடுவாசல், கதிராமங்கலம் என்று எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017இல் போராடிய பகுதி இது. ஆகாயத்திலிருந்து ரசாயனம் தெளித்து மனிதர்கள் நாசமானதும் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். ஆனால் அது தாழப் பறந்து, மரங்களுக்கு மேல் தெளித்தது. 12 கி.மீ. உயரத்தில் கொட்டினால் மருந்து எந்த மாவட்டத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது கீழே நடப்பதுதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக்கலவை போகிறது. அடிப்பவர் பெரும்பாலும் முகக்கவசம் இல்லாமல், லுங்கியோடு, வெறுங்காலில் நிற்கிறார். இப்போது டிரோன் வந்து ஏக்கருக்குப் பத்து லிட்டரில் முடிக்கிறது. கலவை அடர்த்தியானது, துளி மிகச் சின்னது, காற்றடித்தால் அடுத்த வயலுக்கும் தெருவுக்கும் போகும். டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்து என்றால் மிகக் கொடிய நஞ்சு. உங்கள் ஊரில் டிரோன் வந்தால் என்ன மருந்து, முக்கோணம் என்ன நிறம் என்று கேளுங்கள். காற்று வீசினால் நிறுத்தச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வயலாக இருந்தால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.