ஈ-ரீடர் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

காட்பாடி வாசகி ஒருவர் கேட்கிறார்: “வேலைக்காகத் தினமும் அரக்கோணம் வரை ரயிலில் போய்வருகிறேன். மாதம் இரண்டு நாவலாவது புதிதாக வாங்கிவிடுவேன். மரங்களை நினைத்தால் மனசு உறுத்துகிறது. மின்னூல் படிக்கும் கருவியான ஈ-ரீடருக்கு மாறிவிடலாமா?”

மாறலாம். ஆனால் மரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புகளூர் டிஎன்பிஎல் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்தும் காகிதம் வருகிறது. காகிதத்தில் என் கவலை தண்ணீர்தான். கூழாக்கவும் வெளுக்கவும் ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், கழிவும் வரும். தொழிற்சாலைக் கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்று பாலாற்றங்கரைக்காரர்களான நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே வேலூர் பெயரில்தான் வழங்குகிறது.

சரி, ஈ-ரீடர்? அதன் பாதிப்பில் பெரும்பங்கு, கருவி உங்கள் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பேட்டரிக்கு லித்தியமும் கோபால்ட்டும், சர்க்யூட்டுக்குச் செம்பும் தோண்டி எடுக்க வேண்டும். படிக்க ஆகும் மின்சாரம் சொற்பம். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தும். அப்புறம் பேட்டரி தீர்ந்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது இதனால்தான்.

அமெரிக்காவின் கிளீன்டெக் குழுமம் 2009-ல் போட்ட கணக்குப்படி, கிண்டில் என்ற அமேசான் ஈ-ரீடர் ஒன்றின் கார்பன் வெளியீடு சுமார் 168 கிலோ, ஒரு புத்தகத்துக்குச் சுமார் 7.5 கிலோ. அதாவது 22, 23 புத்தகங்களில் சரிக்குச் சரி. அது அமெரிக்கப் புத்தகக் கணக்கு. நம் மெல்லிய பதிப்புகளுக்கு நான் 40 என்றே வைத்துக்கொள்வேன். உங்கள் வேகத்தில் இரண்டு வருடத்துக்குள் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே வாங்கினால் ஐந்தாறு வருடமாவது வைத்திருங்கள். புது மாடல் வந்ததென்று மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தோ, ரயில் தோழிகளோடு மாற்றிக்கொண்டோ படிக்க முடிந்தால் கருவியே வேண்டாம். ஒரு பிரதி பத்துப் பேரிடம் போனால் அதற்கு ஈடான ஈ-ரீடர் கிடையாது.

பழுதான கருவியைக் காயலான் கடையில் போடாதீர்கள். செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள், அந்தப் புகை நஞ்சு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.