கரண்டி யார் கையில்

அன்புள்ள அண்ணாச்சி,

‘ஆலிவர் அண்ட் கம்பெனி’ என்ற பழைய டிஸ்னி கார்ட்டூனை என் மகள் லீவில் பார்த்தாள். டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’தான். ஆனால் ஆலிவர் பூனைக்குட்டி, திருட்டுப் பையன்கள் நாய்கள், ஊர் நியூயார்க். ஒரு பெரிய நாவலை இப்படி ஆக்கலாமா? பிள்ளைகளுக்கு நாவல் படிக்கும் ஆசையே போய்விடாதா?

எஸ்., பெருமாள்புரம்

அன்புள்ள எஸ்.,

நாய் பூனையில் ஒரு குற்றமும் இல்லை. காக்காயும் நரியும் பேசிய கதை கேட்டு வளர்ந்தவர் நீங்கள். படிக்கும் ஆசை போய்விடுமா என்கிறீர்கள். பிள்ளை பார்க்க நீங்கள் கடைசியாக எப்போது புத்தகமும் கையுமாக உட்கார்ந்தீர்கள்? சரி, அதை விடுங்கள்.

1988இல் வந்த அந்தப் படத்தைப் பேரனோடு நானும் பார்த்தேன். டாட்ஜர் நாய் பூனைக்குட்டியை ஏமாற்றிச் சாசேஜைத் தட்டிக்கொண்டு போகிற இடத்தில் நன்றாகவே சிரித்தேன். என் கோபம் வேறு. படத்தில் கஞ்சி இல்லை.

நாவலில் ஆலிவரின் பசி தானாக வந்ததல்ல. சட்டம் போட்டு வந்தது. ஏழைகள் உதவி வாங்குவதைக் கொடுமையாக்கினால் வாங்க வருகிற கூட்டம் குறையும் என்று 1834இல் இங்கிலாந்தில் கணக்குப் போட்டார்கள். டிக்கன்ஸ் 1837இல் இந்த நாவலைத் தொடராக எழுத ஆரம்பித்துவிட்டார். ஏழைகள் விடுதியில் மூன்று வேளையும் தண்ணீர்க் கஞ்சி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வெங்காயம். பையன்கள் வழித்து வழித்தே கிண்ணம் பளபளக்கும், கழுவ வேண்டியதில்லை. சீட்டுப் போட்டதில் ஆலிவர் பேர் வருகிறது. எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கேட்கிறான். கஞ்சி ஊற்றுகிறவர் அந்தக் கரண்டியாலேயே மண்டையில் போடுகிறார். இவனைக் கூட்டிப் போகிறவருக்கு ஐந்து பவுண்டு என்று மறுநாள் வாசலில் நோட்டீஸ்!

படத்தில்? அட்டைப்பெட்டியில் விலை போகாத பூனைக்குட்டி மழையில் நனைகிறது. மழைமேல் யார் கோபப்பட முடியும்?

என் அம்மா சேரன்மாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கிப் போட்டவள். காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த திட்டம். அன்று எட்டயபுரம் நம் ஜில்லா. கேட்க வெட்கப்படுகிற பையன் தட்டை விரலால் லேசாக முன்னே தள்ளுவான். சிமெண்ட் தரையில் அலுமினியத் தட்டு கிறீச்சிடும். ‘ஏல, வாயத் தொறந்து கேக்க என்னல?’ என்று வைதுகொண்டே அம்மா இன்னொரு கரண்டி போடுவாள். அரிசி அளந்துதான் வரும், கணக்கு நோட்டு பெரிய வாத்தியாரிடம். அவர் வராந்தாவில் நிற்கும் நாளில் ஒரு தட்டும் நகராது. ஆறு வயதுப் பயலுக்கு அது தெரிந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று படக் கம்பெனிக்காரர்களிடம் யார் சொன்னது?

நாவலும் பணக்கார வீட்டில்தான் முடிகிறது, படமும் அப்படியே. முடியட்டும், பிள்ளைகள் சந்தோஷமாகத் தூங்கப் போகட்டும்.

மகளுக்கு நாவலின் சுருக்கப் பதிப்பு வாங்குவதானால் கடையிலேயே இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கஞ்சி கேட்கிற இடம் அதில்தான். அதையும் வெட்டியிருந்தால் வாங்காதீர்கள், படமே போதும்.