குற்றாலத்துல தண்ணி விழுதா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? நான் கேரளத்துப் புனலூரில் 26 வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கடையநல்லூர். கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் நீங்கள் எழுதுவதை வாசிப்பேன்.

எங்களுக்கு ஒரு சேக்காளிக் கூட்டம் உண்டு. ஏழு பேர். 2003, 2004 வாக்கில் இணையத்தில் தமிழ் வாசிக்க வந்த இடத்தில் பழக்கமானவர்கள். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. ஒருத்தர் பஹ்ரைன், ஒருத்தர் மெல்போர்ன், ஒருத்தர் சிங்கப்பூர், ரெண்டு பேர் சென்னை, ஒருத்தர் சங்கரன்கோவில். அந்தக் காலத்தில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் நாவல், ஈழம், பெரியார், இளையராஜா என்று அடித்துக்கொள்வோம். இப்போது வாட்ஸப்பைத் திறந்தால் 'இங்க 38', 'இங்க 41', 'கரண்ட் போயிருச்சு', 'நுங்கு வாங்கினேன்', 'மாங்கா ஊறுகா போட்டாச்சு'. போன ஒரு மாசத்துப் பேச்சை மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தேன். வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. எங்களுக்கு வயசாகிவிட்டதா, இல்லை பேச விஷயம் தீர்ந்துவிட்டதா? சத்தம் காட்டாமல் விலகிவிடலாமா என்றுகூட நினைக்கிறேன்.

அன்புடன்,
எஸ்., புனலூர்

பி.கு.: குற்றாலத்துல தண்ணி விழுதா? லீவு முடியறதுக்குள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு நடை வரணும்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பின்குறிப்பை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளேயிருந்து வீட்டம்மா என்னவென்று கேட்டாள். வெயிலையும் மழையையுமே பேசுகிறார்கள் என்று ஒரு பக்கம் புலம்பிவிட்டு, கையெழுத்தையும் போட்டுவிட்டு, கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது என்ன? பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

செங்கோட்டையில் குடியிருப்பவனுக்கு இந்தக் கேள்வி தலையெழுத்து. ஏப்ரல் பிறந்தால் ஆரம்பிக்கும். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லாத ஆள், மே மாசம் காலை ஏழு மணிக்குப் போன் செய்து 'அண்ணாச்சி, தண்ணி விழுதா?' என்பார். நான் அருவியில் குளித்து நாலு வருஷம் ஆகிறது. சீசன் கூட்டத்துக்குள் நுழைந்து இடிபட உடம்பில் தெம்பில்லை. இருந்தாலும் இன்றுவரை 'தெரியாது' என்று சொன்னதில்லை. மாடியில் ஏறி மலையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

மலையைப் பார்த்தால் என்ன தெரியும் என்பீர்கள். வெளியூர்க்காரர்கள் சீசன் என்றால் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் வருவது காற்று. மே மாசம் முழுக்க ஓலை அசையாமல் புழுங்கிக் கிடக்கும். ஒருநாள் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று உள்ளே புகும். மேற்கு ஜன்னல் படாரென்று சாத்தும். கொடியில் காயும் வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தென்னை எல்லாம் கிழக்கே பார்த்துத் தலையைச் சாய்க்கும். 'காத்து திரும்பிட்டு' என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் சாரல், அதற்குப் பிறகுதான் அருவி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாளாக வானிலைத் துறை வைத்திருப்பது ஜூன் 1. 2025இல் மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. உங்களுக்குப் பெய்து, மலை ஏறி, மிச்சம்மீதிதான் எங்களுக்கு. கேரளத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த ஜூன் 1ஐ ஒட்டித்தான் என்பது உங்களூர்ப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடக்கிற அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மலைமேல் பெய்த கோடை மழை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'விழுது, வாங்க' என்று வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. மலை உச்சியில் மேகம் எப்படி நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்பவருக்கு அது பொழுதுபோக்குப் பேச்சாக இருக்கலாம். எனக்கு இப்போது அப்படி இல்லை.

சரி, உங்கள் சேக்காளிகள் விஷயம். எனக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு, உங்களுடையதைவிட நாலைந்து வருஷம் பழசு. அன்றைக்குத் தமிழ் எழுதப் பயன்பட்ட திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் நாங்கள் எழுதியதெல்லாம் புரியாத கிறுக்கல்களாகத் தெரியும். அந்தக் கிறுக்கல்களுக்குப் பின்னால் ஒருவன் நம்மைத் திட்டியிருக்கிறானா பாராட்டியிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள பிரவுசிங் சென்டருக்கு மணிக்கு 30 ரூபாய் அழுதிருக்கிறேன். பெரும்பாலும் திட்டித்தான் இருப்பான்.

நாங்கள் வெயிலைப் பேசத் தொடங்கியதற்கு ஒரு கதை இருக்கிறது. 2009 மே. ஈழப் போர் முடிந்த அந்த மாசத்தைப் பற்றி நம் வயசுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குள் எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் எழுதிவிட்டோம். நானும் எழுதினேன். ரெண்டு பேர் போனவர்கள் போனவர்கள்தான், திரும்பவே இல்லை. மிச்சப் பேர் இருந்தோம், ஆனால் பத்து மாசத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் சித்திரை பிறப்பதற்கு முன்னால், கோவில்பட்டிக்காரர் ஒரே ஒரு வரி போட்டார்: 'வேப்பம்பூ அள்ளிக் காயப் போட்டிருக்கு, யாருக்கு வேணும்?' பத்து நிமிஷத்தில் நாலு பதில். நான் வேப்பம்பூ ரசம் வாயில் வைக்கமாட்டேன். எனக்கு அரைக்கிலோ வேணும் என்று எழுதினேன். பார்சலும் வந்தது. பரண்மேல் ரொம்ப நாள் கிடந்தது.

எங்கள் வெயில் பேச்சு அப்படி வந்தது. உங்கள் கூட்டத்திலும் எங்கேயோ ஒரு 2009 இருக்கும், தேடிப் பாருங்கள். ஈழமும் பெரியாரும் எதனால் நின்றது என்று உங்களுக்கே ஞாபகம் வரலாம்.

அந்தப் பழைய வாதங்களை நினைத்து ஏங்குகிறீர்கள். போன கோடையில் எனக்கும் அந்த ஏக்கம் வந்தது. அச்செடுத்து வைத்திருந்த கட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். ராமபாணப் பூச்சி பாதியைத் தின்றிருந்தது. மீதியை வாசித்தபோது பூச்சி இன்னும் கொஞ்சம் தின்றிருக்கலாம் என்று பட்டது. யதார்த்தவாதம் செத்துவிட்டதா இல்லையா என்று பதினோரு பக்கம் சண்டை போட்டிருக்கிறோம். யார் கட்சி எது என்று எனக்கே பிடிபடவில்லை. நடுவில் ஒரு கடிதம். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டே வந்த நண்பர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுதியிருந்தார்: 'மிச்சம் அப்புறம். மாடியில கூழ்வத்தல் காயுது, காக்கா வந்துட்டு.' அந்த வரி இப்போதும் சூடாக இருக்கிறது. வெள்ளை வேட்டியில் வரிசையாகப் பிழிந்த வத்தல், ஓரத்தில் கல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு யதார்த்தவாதி கம்போடு ஓடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதை வாசித்தபோது, பதில் சொல்ல முடியாமல் ஓடுகிறான் என்று எழுதினேன்.

ஆனால் உங்கள் குறை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். 'இங்க 38' என்பதில் பேச்சு எங்கே இருக்கிறது? அதைப் போனே சொல்லும். யாரோ செய்த சூரியன் படத்தை அனுப்புகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை, என் மச்சினனும் அதில் சேர்த்தி. உங்களுக்குச் சலிப்புத் தட்டுவது வெயிலால் இல்லை, தம்பி. உங்கள் ஆட்கள் வெயிலைச் சரியாகப் பேசுவதில்லை.

புனலூர் 38உம் சங்கரன்கோவில் 38உம் ஒன்றா? சங்கரன்கோவிலில் உதறிப் போட்ட துண்டு அரைமணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். புனலூரில் வேர்வை போக இடம் தெரியாமல் உடம்பிலேயே நிற்கும். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய நாளில் ஒருமுறை மே மாசம் அங்கே வந்திருந்தேன். ஓட்டலில் உட்கார்ந்ததும் டம்ளரில் ரோஸ் நிறத்தில் ஏதோ வைத்தான். தொட்டால் கொதிக்கிறது. சாயத்துணி அலசிய தண்ணியோ என்று எனக்குச் சந்தேகம். எதிரில் இருந்தவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, 'பதிமுகம் சார், குடிச்சோ' என்றார். இந்த வெயிலில் வெந்நீரா என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். முதலில் வேர்த்துக் கொட்டியது, பிறகு மேலெல்லாம் சில்லென்று ஆனது. இப்போது எங்கள் வீட்டிலும் பதிமுக மரச்சீவல் போட்டுத்தான் தண்ணீர் காய்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிதானே, நாக்கு மட்டும் இன்னும் பிரிந்து வரவில்லை போல.

அந்த ரயிலைச் சொல்லாமல் போக மனசில்லை. 1904இல் வந்த பாதை, 2010இல் அகலப்பாதைக்காக மூடினார்கள், 2018இல்தான் முழுசாகத் திறந்தது. பகவதிபுரம் தாண்டினால் சுரங்கம். மதிய வண்டியில் ஜன்னல் கம்பி கையைச் சுடும். சுரங்கத்துக்குள் பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்தும், பெரியவர்கள் கத்தாததுபோல் கத்துவார்கள். அந்தப் பக்கம் ஆரியங்காவில் தலை நீட்டினால் மழை பெய்துகொண்டிருக்கும். ஒரே மத்தியானம், ஒரே டிக்கெட். இதெல்லாம் ஒரு எண்ணுக்குள் அடங்குமா?

எங்கள் கூட்டத்தில் ஒருவர் தினமும் காலையில் பேப்பரைப் பார்த்து அணை மட்டம் போடுவார். குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி. அடவிநயினார் 132 அடி, குண்டாறு 36 அடிதான், அதனால் மழை பிடித்தால் குண்டாறு சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்த அன்று 'தம்பி முந்திக்கிட்டான்' என்று எழுதுவார். அவருக்கு இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. தாம்பரத்தில் மூணாவது மாடியில் இருக்கிறார், லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டு. அவர் போடுவதும் எண்தான். ஆனால் அதை நான் ஒருநாளும் தாண்டிப் போனதில்லை.

நீங்களும் போட்டுப் பாருங்களேன். பாத்திரக்கடையில் வெயில் காலத்தில் எது ஓடும்? தண்ணி ஜாடியா, கல்யாணச் சீரா? ரெண்டு மணிக்கு ஷட்டரைத் தொட முடியுமா? தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த எவர்சில்வர் குடம் மதியத்தில் தானாக 'டங்'கென்று சத்தம் போடும் என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்வார். உங்கள் கடையில் போடுமா? பஹ்ரைன்காரரிடம் கேளுங்கள், அங்கே உச்சிக் கோடையில் பகல் 12 முதல் 4 வரை வெளிவேலைக்குத் தடை உண்டு. அந்த நாலு மணி நேரம் ஆட்கள் எங்கே படுத்துக் கிடக்கிறார்கள் என்று. மெல்போர்ன்காரருக்கு இப்போது குளிர் தொடங்கியிருக்கும், ஆனாலும் உங்கள் வெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்?

விலகுவது உங்கள் இஷ்டம். மே 4 முதல் 28 வரை கத்திரி. கத்திரியில் வீடு மாத்தாதே, வம்பு வழக்குப் பேசாதே என்பாள் எங்க ஆச்சி. அது முடிகிற வரைக்குமாவது இருங்கள்.

பின்குறிப்புக்குப் பதில். நேற்று சாயங்காலம் மருமகன் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மெயினருவியில் பாறை நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெண்கள் குளிக்கிற பக்கம் நூல் மாதிரி ஒரு ஒழுக்கு, அதில் ஒரு குரங்கு வாயை வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. ஐந்தருவியில் ரெண்டு கிளையில் கொஞ்சம் விழுகிறது, வரிசை நீளம். காற்று இன்னும் திரும்பவில்லை. இந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

ராத்திரி எட்டரை மணிக்கு மாடியில் நின்றபோது மேற்கே ரெண்டு மூணு தடவை மின்னியது. சத்தம் கேட்கவில்லை. அங்கே பெய்ததா?