காங்கேயம் முதல் கறிக்கோழி வரை: கேள்வி பதில்

மாடு, கோழி, பயிர்களில் மனிதர்கள் குணம் பார்த்துத் தேர்ந்து பெருக்குவதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டதற்கு என் பதில்கள்.

வெள்ளகோவில்: ஏனுங்க ஐயா, செவலைக் கன்னுன்னு வாங்கினேன், ஆறு மாசத்துல மயிலையா மாறிடுச்சு. கலப்புங்களா?

இல்லைங்க. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் வெளுப்பது அந்த இனத்தின் இயல்பு. காளையாக விட்டால் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்தால் அந்தக் கறுப்பும் போய்விடும்.

சென்னிமலை: காங்கேயத்துக்குப் பால் ஏனுங்க இவ்வளவு கம்மி?

யாரும் அதனிடம் பாலைக் கேட்கவே இல்லையே! கிணற்றில் கவலை (மாடு கட்டி நீர் இழுக்கும் ஏற்றம்) இறைக்கணும், பாரவண்டி இழுக்கணும், கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தே உடம்பைத் தேற்றிக்கொள்ளணும். இதுதான் வேண்டியிருந்தது. பொலிகாளைக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் காளைக்கு, திமில், குளம்பு, நடை பார்த்தார்கள். அதன் தாய் எத்தனை படி கறந்தது என்று பார்த்துக் காளை விட்டவர்கள் குறைவு. ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டுக் கறவை இனத்தில் கதையே வேறு: காளை பால் தராது, ஆனாலும் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று கணக்கெடுத்துத்தான் அதற்கு மதிப்புப் போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படிக் கழித்துக் கட்டியதில் மடி பெருத்தது. சித்திரை வெயிலில் அது நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பல்லடம்: கறிக்கோழி 40 நாள்ல ரெண்டு கிலோ வருது. ஊசி போடாம எப்படிங்க?

இந்தச் சந்தேகம் நம் ஊரை விட்டுப் போகாது போல. லட்சக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி வம்சத்தை மாற்றாமல் காத்து வந்தார்கள். அதையும் 2005-ஆம் ஆண்டுக் கறிக்கோழியையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழசு 905 கிராம், புதுசு 4,202 கிராம். வித்தியாசம் வம்சத்தில்தான். சதைக்காகத் தேர்ந்தெடுத்ததில் அடங்காப் பசியும் சேர்ந்தே வந்துவிட்டது. தாய்க்கோழிகளை இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து முட்டை குறையும் என்பதால் தீவனத்தை அளந்து போடுகிறார்கள். கால் கோணலும் இதயக் கோளாறும் அந்தக் கணக்கில் வந்தவைதான்.

கோபி: கரும்பை நாணலோட சேத்தாங்கன்னு எங்க அப்பாரு சொல்லுவார். நெசமா?

நிஜம், அதுவும் கோயம்புத்தூரிலேயே. 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை இங்கேயே வளர்ந்த நாணல் வகைக் காட்டுப்புல்லோடு சேர்த்தார்கள். 1918-இல் கோ 205 என்ற ரகம் வெளிவந்தது. இனிப்பு ஒரு பக்கம், தாக்குப்பிடிக்கும் திறன் மறுபக்கம். பயன் அதிகம் வடக்கே பஞ்சாபுக்குத்தான். கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிப்பதால்தான் அந்த வேலைக்கு நம் ஊர் தோதுப்பட்டது.

ஈரோடு: வருஷா வருஷம் நல்ல குத்தாப் பாத்து விதைமஞ்சள் எடுத்து வைக்கிறோமுங்க. ரகம் மேம்படுமா?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மாட்டிலும் கோழியிலும் குட்டிக்குக் குட்டி வேறுபாடு உண்டு, அதனால் பொறுக்க முடிகிறது. மஞ்சளைக் கிழங்கு வைத்துத்தான் பெருக்குகிறோம். முளைப்பதெல்லாம் தாயின் நகல். ஒரு குத்து பெருத்திருந்தால் பெரும்பாலும் அங்கே எரு கூட விழுந்திருக்கும், தண்ணீர் தேங்காமல் இருந்திருக்கும். எப்போதாவது தானாக ஒரு மாற்றம் வரும். அதற்குக் காத்திருக்காமல்தான் ஈரோடு உள்ளூர் மஞ்சளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, மாறியதைப் பொறுக்கி கோ 1 ரகத்தை எடுத்தார்கள். அழுகல் இல்லாத கிழங்காகப் பார்த்து வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ரகத்துக்காக அல்ல, நோய் அடுத்த வெள்ளாமைக்குப் போகாமல் இருக்க.