வெட்டியதும் தளிர்க்கும் உண்ணிச்செடி, குறையும் தன்னார்வலர்கள்

பூங்காவில் உண்ணிச்செடி (லந்தானா என்ற களைப்புதர்) அகற்ற முதல் வாரம் 40 தன்னார்வலர்கள் வந்தார்கள், நாலாவது வாரம் 6 பேர்தான், வெட்டிய செடியும் திரும்பத் தளிர்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே சிக்கல்தான். செய்த வேலை நிலைக்கவில்லை என்றால் யாருக்கும் மறுபடி வர மனம் வராது.

மேலே வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கத்தான் செய்யும். மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு 3-5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய் பழுப்பதற்குள் முடித்துவிடுங்கள்; பழம் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பிவிடும்.

பூங்கா முழுவதிலும் கைவைக்க வேண்டாம். நாலு பேருக்கு ஒரு சிறு துண்டு நிலம், தொடர்ந்து அதே நாலு பேர். தங்கள் இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால் வருவார்கள்.

தானாக முளைத்த நாட்டுமரக் கன்றுகளுக்கு முன்கூட்டியே சிவப்புத் துணி கட்டுங்கள். எங்கள் குழு அவற்றையும் களையென்று பிடுங்கிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.