1956 நவம்பர் 1: ஒரு நாள் செய்தியும் ஊர்க்காரர்களின் கேள்விகளும்

நம் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த நாளின் செய்திகளை நண்பர்களிடம் கொடுத்து, "இந்தத் தலைப்புகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் என்னென்ன நடந்திருக்கும், கற்பனை செய்து கேளுங்கள்" என்றேன். முதல் செய்தி நம்முடையது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே நாளில் கேரளமும் ஆந்திரப் பிரதேசமும் பிறந்தன. வெளிநாட்டுச் செய்தி சூயஸ் சண்டை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, எங்க பாட்டி ராத்திரி கேரளத்தில் படுத்து, விடிந்ததும் தமிழ்நாட்டில் எழுந்தாங்களா? பாய் எல்லைக்குக் குறுக்கே கிடந்திருந்தால் தலை ஒரு மாநிலம், கால் ஒரு மாநிலமா?

பாட்டி கேரளத்தில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை மக்கா. கேரளம் பிறந்ததே அந்த விடியலில்தான். தமிழ்நாட்டிலும் எழவில்லை. நம் மாநிலத்துக்கு அந்தப் பெயர் கிடைத்தது 1969 ஜனவரி 14-ல். அவர்கள் படுத்தது திருவிதாங்கூர்-கொச்சியில், எழுந்தது சென்னை மாநிலத்தில். அப்புறம் பன்னிரண்டு வருஷம் கழித்து, பாயை விட்டு நகராமலே தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். உங்கள் கற்பனையைவிட நடந்ததுதான் வேடிக்கை.

களியக்காவிளை அக்கா ஒருவர்: எல்லையில் நிற்கிற தென்னை. மூடு (அடிமரம்) நம்ம விளையில் (தோப்பில்), தலை சாய்ந்து கிடப்பது கேரளத்துப் பாறசாலைப் பக்கம். தேங்காய் விழுந்தால் இரண்டு முதலமைச்சரும் வந்து பேசணுமா?

காமராஜர் அன்று சென்னையில் முதலமைச்சர். கேரளத்தில் அன்று முதலமைச்சரே கிடையாது, குடியரசுத் தலைவர் ஆட்சி. ஆகவே பேச்சுவார்த்தைக்கு ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். மரம் எந்த விளையில் நிற்கிறதோ அந்த விளைக்காரருக்குத்தான் தேங்காய். அக்கம்பக்கத்தார் இதையெல்லாம் தங்களுக்குள்ளே பேசி முடித்துக்கொள்வார்கள்.

பத்மநாபபுரத்துப் பையன்: மண் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அரண்மனை "நான் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தால்?

ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது! அரண்மனை நிற்கும் ஊர் நம் கல்குளம் தாலுகா. அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. சிறு வயதில் முகப்புத் திண்ணை தாண்டி உள்ளே போகும்போது, கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரையைத் தொட்டுப் பார்க்கக் குனிவேன். மரச் சட்டங்களில் மலையாளத்தில் எழுதிய அறிவிப்புப் பலகை இருக்கும். வெளியே வந்தால் தமிழ்ப் பலகை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசற்படி, அவ்வளவுதான்.

இதைவிட அழகு நவராத்திரிப் பவனி. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஆண்டுதோறும் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். "சாமிக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் கேட்பதற்குப் பதில், இரண்டு மாநிலப் போலீசும் வரிசையாக நின்று மரியாதை செய்கிறார்கள். களியக்காவிளையில் வரவேற்பு நடக்கும்போது ஒருதரம் போய் நின்று பாருங்கள். எல்லை என்ற சொல்லுக்கு நமக்கு மட்டும் ஏன் வேறு அர்த்தம் என்று புரியும்.

நாகர்கோவில் அண்ணன் ஒருவர்: சத்யா (விருந்துச் சாப்பாடு) இலையிலும் கோடு போட்டிருந்தால்? அவியலும் எரிசேரியும் அந்தப் பக்கம், சாம்பாரும் ரசமும் இந்தப் பக்கம்?

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் எல்லாரும் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பார்கள்! பருப்பும் நெய்யும் முடிந்து, சாம்பார், புளிசேரி, அப்புறம் பாயசம், அதற்கு மேல் ரசமும் மோரும். பாயசத்துக்குப் பிறகு ரசமா என்று திருநெல்வேலி சம்பந்திகள் இன்றும் விழிப்பார்கள். அந்த வரிசையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

அருமனையிலிருந்து ஒருவர்: அன்று காலை திருவிதாங்கூர் நாணயமான சக்கரம் செல்லாமல் போயிருந்தால், சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு என்ன கொடுத்திருப்பார்கள்?

நான்கு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்த நாணயம் இணைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. அன்று கையில் இருந்தது அணா. அதுவும் ஐந்தே மாதத்தில், 1957 ஏப்ரல் 1-ல், நயா பைசாவுக்கு வழிவிட்டது. சந்தையில் கிழங்கு விற்ற ஒரு பெண், பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று கணக்குப் படித்திருக்கிறாள். அவளை நான் மிகவும் மதிக்கிறேன்.

குளச்சல் நண்பர்: சூயஸ் கால்வாய் அடைபட்டால் கப்பலெல்லாம் நம்ம ஊருக்கு வந்திருக்குமா?

கால்வாய் அடைபட்டது உண்மை, 1957 ஏப்ரலில்தான் திறந்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. குளச்சலுக்கு வரவில்லை.

மார்த்தாண்டம் தங்கை: மனு கொடுக்கப் போனவர் வழி தவறித் திருவனந்தபுரத்துக்கே போயிருந்தால்?

பழக்க தோஷத்தில் போயிருக்கலாம் அம்மா. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். காலையில் போய் மாலையில் வீடு வந்துவிடலாம். சென்னை எழுநூறு. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல். அந்தக் காலத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி திருநெல்வேலிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். அன்றைய செய்தியின் பெரிய விளைவு இதுதான். தலைப்பில் இது தெரியாது.

இன்னொன்று. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. இந்தத் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க நேசமணி முதலானோர் நடத்திய போராட்டத்தின் விலை அது. அதை வைத்து வந்த கற்பனைக் கேள்விகளை நான் எடுக்கவில்லை.

குலசேகரத்திலிருந்து: எங்க வீட்டில் பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) மலையாளத்தில் கிடக்கிறது. அன்றோடு செல்லாததாகிவிட்டதா?

இல்லை, பத்திரமாக வையுங்கள். எங்கள் வீட்டு ஆதாரமும் தகரப் பெட்டியில் நாலாய் மடித்துக் கிடக்கிறது. 1118 மேடம் (சித்திரை) என்று மலையாளக் கணக்கில் தேதி. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் 1943 என்று வரும். சிங்கம் (ஆவணி) தொடங்கி டிசம்பர் முடிய என்றால் 824 கூட்டவேண்டும். கிழக்கே தோடு (ஓடை), மேற்கே நடைவழி என்று எல்லை சொல்லியிருக்கிறது. தோடு இன்றும் அதே இடத்தில் ஓடுகிறது. எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, தமிழில் எழுதி வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். மடிப்பில் விரல் வைத்து மெல்லப் பிரித்தால்தான் அந்த வரியின் கடைசி எழுத்து தெரியும்.